கிள்ளானுக்கு மிதித்த ஞாயிறுகள்

நாற்பத்தெட்டு வயதில் சைக்கிள் பழகப் போகிறேன் என்றதும், "உனக்கு ஏன்டி இந்த வேலை?" என்று என் அக்கா சிரித்தாள். எனக்கு வேறு வழி இல்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. கிள்ளானில் ஓர் அறநிலைய டயாலிசிஸ் மையத்தில் ஊசி குத்திக்கொண்டு படுத்துக் கிடப்பார். என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று நான்தான் மருத்துவமனையில் போய் நின்றேன். ரத்தம் பொருந்தியது. "எடை அதிகம் ஆன்டி, சீனியும் எல்லையில நிக்குது. குறைச்சிட்டு வாங்க, பார்ப்போம்" என்றார் அந்தப் பெண் டாக்டர்.

அந்தச் சமயத்தில்தான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைக்கிள் குழு, அதே மையத்துக்குப் புது மெஷின் வாங்கித் தர நிதி திரட்டிக்கொண்டிருந்தது. ஞாயிறுதோறும் கிள்ளான் வரை மிதிப்பார்கள். மிதிக்கிற தூரத்துக்கு ஏற்பத் தெரிந்தவர்கள் நன்கொடை தருவார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று சேர்ந்துவிட்டேன். மெஷின் ஊருக்கு, என் கிட்னி அவருக்கு. அந்த மெஷின் வந்து இறங்குவதற்குள் இந்த மனுஷனை அங்கிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

நாங்கள் குடியிருக்கும் செந்தூல் பிளாட்டின் கார் நிறுத்தத்தில் விழுந்து விழுந்து பழகினேன். முட்டியும் தேய்ந்தது, மானமும் தேய்ந்தது. அப்புறம் ஹைவே ஓரத்து மோட்டார் சைக்கிள் பாதை. பக்கத்தில் லோரி போனால் பிரேக்கைப் பிடித்து ஓரமாக நின்றுவிடுவேன். மூச்சு முட்டும்போதெல்லாம் ஊசி குத்திக் குத்தி அவர் கையில் புடைத்து நிற்கும் நரம்பை நினைத்துக்கொள்வேன். கால் தானாகச் சுற்றும்.

கிள்ளான் போய்ச் சேர்ந்ததும் குழு முழுக்க, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் உட்காரும். அது எங்கள் ஊர்ச் சட்டம். மிதித்த நேரத்தைவிடத் தின்ற நேரம் அதிகம். பரோட்டா மாதிரி எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய், மேலே குழம்பு, பக்கத்தில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக். நான் தயங்கினால், "சாப்பிடுங்க லா அக்கா, இவ்ளோ தூரம் மிதிச்சீங்க, எல்லாம் எரிஞ்சிடும்" என்று தட்டைத் தள்ளுவார்கள். நாங்கள் என்ன முட்டாள்களா? தேநீர் கேட்கும்போதே "கூராங் மானிஸ்" என்று இனிப்பைக் குறைக்கச் சொல்லிவிடுவோமே! அதில் ஊற்றுகிற கெட்டிப்பாலே சீனிப்பாகுதான் என்று அந்த மேசையில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. குறைக்கச் சொன்ன தைரியத்தில் இரண்டாவது கிளாஸ் வேறு.

சட்டையெல்லாம் தொளதொளத்துப் போனது. "இளைச்சிட்டீங்களே!" என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அந்தப் பெருமையோடுதான் மறு பரிசோதனைக்குப் போனேன்.

டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது மிதிச்சு மட்டும் இளைச்ச உடம்பு இல்ல, ஆன்டி. சீனி எல்லை தாண்டி உங்களுக்கு இனிப்பு நீர் வியாதியே வந்துடுச்சு. கிட்னியையும் லேசாத் தொட்டிருக்கு. நீங்க கொடுக்க முடியாது."

"மருந்து சாப்பிட்டுக் குறைச்சிட்டு வந்தா?"

"இல்ல ஆன்டி. இனி உங்க கிட்னியை நீங்க காப்பாத்திக்கணும்."

ரொட்டிதான் காரணமா, என் அம்மா வழி ரத்தமா, டாக்டர் சொல்லவில்லை. யாரைத் திட்டுவது? முருகனைத் திட்டினேன். பத்துமலைக்குப் பால்குடம் எடுத்த தலை இது. பாலை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டான்.

வீட்டில் சொன்னபோது அவர் அழவில்லை. "விடு, உன் உடம்பாச்சும் வெட்டுப்படாம இருக்கட்டும்" என்றார். அன்றைக்கெல்லாம் நான்தான் அழுதேன்.

சனிக்கிழமை மாலை சைக்கிள் துடைக்காமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் போகலையா?" என்று கேட்டார்.

"எதுக்குப் போகணும்? போய் என்னத்தைக் கிழிச்சேன்?" என்று கத்திவிட்டேன்.

துடைக்கிற துணியை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, தெரியாத ஒருத்தரிடம் உதவி கேட்கிற குரலில், "போய்ட்டு வா மா. அந்த மெஷின் வரணும். இனி எனக்கு அதுதானே" என்றார்.