லேப்டாப் இரைச்சல்

பெஹாலா வீட்டில் எனக்கென்று தனி அறை கிடையாது. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேஜையைப் போட்டு ஆபீஸ் வேலை பார்த்தேன். சித்திரை வெயிலில் லேப்டாப் தோசைக்கல்லாகக் கொதிக்கும். அதற்குள்ளிருக்கும் விசிறி நாள் முழுக்க இரையும். கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கிய கூலிங் ஸ்டாண்டும் உதவவில்லை. இந்தச் சனியன் பிடித்த இரைச்சலில் மனுஷர் எப்படித் தூங்குவார் என்று ஆத்திரமாக வரும்.

ஒரு மத்தியானம் செட்டிங்ஸில் புகுந்து, பிராசஸரின் உச்ச வேகத்தை நூறிலிருந்து எழுபது சதவீதத்துக்குக் குறைத்தேன். வேலை மந்தமானது. ஆனால் சூடு தணிந்து, கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கிவிட்டது.

தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"சத்தம் ஏண்டா நின்னு போச்சு?"

"நான்தாம்மா குறைச்சேன். அப்பா நிம்மதியாத் தூங்கட்டும்னு."

"பழையபடி வச்சுடு. அவர் மூச்சு இழுக்கறது கேக்கறது."

அப்போதுதான் எனக்கும் அது கேட்டது.

மறுபடி நூறுக்கே ஏற்றினேன். விசிறி இரையத் தொடங்கும் வரை, இருவரும் அப்பாவைப் பார்க்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.