ரசூல் பீவியின் கனரக உரிமம்

20.6.2022 – கார் உரிமம். ஓட்டுநர் பள்ளிக் கட்டணம் ரூ. 6,500.
4.9.2023 – கனரக வாகனப் பயிற்சியில் சேர்ந்தது. ரூ. 11,000.
18.12.2023 – தேர்வு. தோல்வி.
16.2.2024 – மறுதேர்வு. தேர்ச்சி.
2.5.2024 – தற்காலிக ஓட்டுநர். மாதம் ரூ. 17,000.

இவை ரசூல் பீவியின் தேதிகள். கரையான்சாவடியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர், வயது முப்பத்தொன்பது. அவருடைய விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்தவன் நான் என்பதால் தேதிகளில் பிழை இராது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் எட்டு ஆண்டுகள் பேக்கிங் வேலை செய்தார். கம்பெனி பஸ்ஸில்தான் போய்வருவார். அந்த பஸ்ஸை ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். கணவர் ஹாஜா மொய்தீன் செருப்புக் கடைக்காரர். கார் உரிமத்துக்கு ஒன்றும் சொல்லாதவர், பஸ் என்றதும் சிரித்துவிட்டார்.

“இன்னாமே, கிரைண்டர் கல்லத் தூக்கவே என்னக் கூப்புடுற. பஸ்ஸு ஸ்டியரிங்க எப்டிமே திருப்புவ?”

“கல்லத் தூக்கறது உன் வேல. அதான் கூப்புடுறேன்.”

ஓட்டுநர் பள்ளி லாரியில் பயிற்சியாளர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. பயிற்சியாளர் தினகரன் நல்ல மனிதர். கற்பவர் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காது. வண்டி தடுமாறும் முன்பே தன் காலால் மிதித்துவிடுவார். பீவிக்குத் தான் நன்றாக ஓட்டுவதாகவே தோன்றியது.

தேர்வு நாளில் அதிகாரி தினகரனை இறங்கச் சொல்லி, அந்த இடத்தில் தாமே உட்கார்ந்தார். லாரி குதித்து நின்றது. பீவி மறுபடி கிளப்பினார்; மறுபடி குதித்து நின்றது. வரிசையில் இருந்த ஒருவர், “யக்கா, தவள மாதிரி போவுது!” என்று கத்தினார்.

பீவி நேராகத் தினகரனிடம் போனார்.

“அண்ணே, இத்தினி நாளா யாருண்ணே வண்டி ஓட்டுனது?”

“நீதாம்மா. நான் சும்மா ஒரு சப்போர்ட்டுக்கு...”

“ஸ்டியரிங் என்னுது, காலு உன்னுது. அப்டித்தானே?”

தினகரன் அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார்.

“போதும், உட்டுடுமே” என்று வீட்டில் சொன்னார் ஹாஜா மொய்தீன். பீவி விடவில்லை. தொழிற்சாலைக்குத் தண்ணீர் லாரி அனுப்பும் லோகநாயகியைப் போய்ப் பார்த்தார். நெமிலிச்சேரியில் தண்ணீர் நிரப்பும் அவருடைய வளாகத்துக்குள் ஓட்டிப் பழக அனுமதி கேட்டார். அந்த லாரியில் ஒரு ஜோடி பெடல்கள்தான்.

“பாதி டேங்குதான் ரொப்புவேன். மேல் மூடி தொறந்துகினு கெடக்கும்” என்றார் லோகநாயகி. “தண்ணி வெளிய தெறிச்சா அன்னிக்கு எறங்கிடணும்.”

பாதி நிரம்பிய டேங்கரில் பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியையே தள்ளும். முதல் வாரம் மண் சேறானது. பீவி நாள்தோறும் சீக்கிரமே இறங்கி, பேருந்து பிடித்து வேலைக்கு ஓடினார். ஜனவரி முடிவில் தரை காய்ந்து கிடந்தது. அடுத்த மாதம் தேறினார்.

கம்பெனி அவரைத் தற்காலிக ஓட்டுநராக எடுத்து, மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறியது. பூந்தமல்லி வழித்தடத்தைக் கொடுத்தார்கள். முதல் வாரத்தில் ஆண்கள் சிலர் அதற்கு முன் கிளம்பும் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார்கள். நின்றுகொண்டே வருபவர்கள் இந்த பஸ்ஸில் ஒருவர்மேல் ஒருவர் விழுவதில்லை என்ற பேச்சு பரவியது. ஜூன் மாதத்துக்குள் அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள்.

ஜூலை கடைசியில் மழைக்கு ஒதுங்கிய ஹாஜா மொய்தீன் என்னிடம், “மூணு மாசம் ஆவப்போவுது, கம்பெனி இன்னும் லெட்டர் அனுப்பலியே பாய், அவ ராவெல்லாம் தூங்கறதில்ல” என்றார். தாமும் தூங்குவதில்லை என்பதைச் சொல்லவில்லை.

நிரந்தரப் பணி ஆணை பதிவுத் தபாலில் வந்த தேதி: 7.8.2024.