இங்கர் பூட்டிய களஞ்சியக் கதவு

இங்கர் போய்விட்டார். காலையில் ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் டி-பானே ரயிலுக்கு நின்றபோது அவருடைய மகள் போன் பண்ணிச் சொன்னாள்.

நித்திரையிலேயே முடிந்துவிட்டதாம்... நல்ல சாவு. அவருக்கு எல்லாமே வசதியாகத்தான் நடக்கும்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் எங்கள் அடுக்குமாடி பிளாக்குகளுக்கு நடுவே நிற்கும் அந்தப் பழைய மரவீட்டைத் தெரிந்திருக்கும், முன்னொரு காலத்துப் பண்ணை வீடு.

ஜூனில் அங்கே நெருப்பு மூட்டி ஆடுவார்கள். டிசம்பரில் வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியுமாகப் பிள்ளைகள் லூசியாப் பாட்டுப் பாடி வருவார்கள். எல்லாவற்றையும் நடத்திய பெண்மணி இங்கர்.

ஒரு நத்தார்ச் சந்தைக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்று பார்த்து நிஸ்ஸே வேஷம் போடுகிறவருக்கு இடுப்புப் பிடிப்பு.

நிஸ்ஸே என்பவர் பண்ணைக் களஞ்சியத்தில் குடியிருக்கிற குட்டிக் கிழவர்; இவர்களுடைய நம்பிக்கை அது. பிள்ளைகள் வரிசையாக வந்து, வெண்ணெய் போட்ட பாற்சோற்றை அவர் முன்னால் வைப்பார்கள். அவர் சாப்பிடுவார். பேசமாட்டார்.

இங்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் சரியான அளவு" என்றார்.

முகமூடி, தாடி, சிவப்புத் தொப்பி. "நிஸ்ஸே கதைக்காது, ஞாபகம் இருக்கட்டும்."

அன்று உள்ளே போனவன்தான்... பிறகு ஒவ்வொரு டிசம்பரும்.

நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன். அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்தக் கூரை எப்போது மாற்றப்பட்டது, எல்லாம் நூலகத்தில் தேடி வாசித்து வைத்திருந்தேன். நொர்ஸ்க் மொழிப் பரீட்சையும் பாஸ்.

வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் கைட் வேலை, அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்குள் நின்று ஒரு முறையாவது வாய் திறந்து பேச வேண்டும்... அவ்வளவுதான்.

ஆண்டுக் கூட்டத்தில் இங்கர் கேட்பார்: "கைட் வேலைக்கு ஆருக்கு விருப்பம்?" நான் முன்வரிசையில்தான் இருப்பேன். அவர் என்னைப் பார்ப்பார். நானும் அவரைப் பார்ப்பேன்.

நம்முடைய சங்கங்களில் யாராவது தன் பெயரைத் தானே சொல்வானா? இன்னொருவர் முன்மொழிய வேண்டும். நாம் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏற்பது.

இங்கே கையைத் தூக்கினால் வேலை. பின்வரிசையில் இரண்டு கைகள் எழும்பும், கதை முடிந்தது.

ஒரு தரம் கேட்டிருக்கலாம் அவர். நீங்கள் செய்கிறீர்களா என்று. அதற்கு எவ்வளவு நேரம் செல்லும்?

வீட்டில் மனைவி விடமாட்டாள். "விருப்பமெண்டால் கையைத் தூக்கிறதுதானே. உங்களுக்கென்ன கையிலை வாதமே?"

"கேக்காமல் எப்பிடியப்பா நான் தூக்கிறது?"

"அப்ப இருந்து பாற்சோறு தின்னுங்கோ."

ஸ்டோவ்னர் சென்டரில் நம்மாட்கள் கண்டால் இதுதான் கேள்வி: "என்ன அண்ணை, இந்த முறையும் தாடிதானோ?"

ஒரு வருடம் சந்தை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். இங்கர் களஞ்சியக் கதவை வெளியே இருந்து பூட்டி, திறப்பைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே.

பழைய கதவு, உள்ளிருந்து திறக்க வழியில்லை. அவருடைய காலடியில் பனி நொறுங்குவது கேட்டது. ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்...

போடவில்லை. உள்ளே ஒரு மனிதன் இருப்பது அவருக்கு ஞாபகம் வருகிறதா, பார்ப்போம் என்று இருந்தேன்.

கால் விறைத்தது. முகமூடியைக் கழற்றவில்லை, இருந்த சூடு அது ஒன்றுதான். மிச்சப் பாற்சோற்றின்மேல் வெண்ணெய் மஞ்சளாக உறைந்து கிடந்தது.

வந்தார். மூச்சு வாங்க ஓடி வந்தார், தலையில் தொப்பிகூட இல்லை.

"கடவுளே, ஏன் கூப்பிடேல்லை?"

"நிஸ்ஸே கதைக்காது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

இங்கர் வாசற்படியில் இருந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரும் வருகிறவர்களிடம் இந்தக் கதைதான். "எங்கடை நிஸ்ஸே மாதிரி ஒஸ்லோவிலையே இல்லை. பூட்டி வைச்சாலும் வாய் திறக்கமாட்டார்!"

கூட்டம் சிரிக்கும். நான் கரண்டியைப் பிடித்தபடி முகமூடிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்று காலை அவருடைய மகள் சொன்னது இது.

"வெள்ளிக்கிழமை அடக்கம் முடிய அந்தப் பழைய மரவீட்டிலை கோப்பி. விரும்பின ஆக்கள் எழும்பி அம்மாவைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லலாம். நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, யோசியாதேங்கோ."

ஏன் என்று கேட்டேன்.

"உங்களுக்குக் கதைக்கிறது விருப்பமில்லை எண்டு அம்மா சொல்லுவா. அதுதான் நிஸ்ஸேயை வேறை ஆருக்கும் குடுக்கேல்லை. ஒருக்கா என்ரை மாமா கேட்டவர். அது அவரின்ரை இடம் எண்டு அம்மா விடேல்லை."

டி-பானே வந்தது, போனது. நான் ஏறவில்லை.

எனக்கு விருப்பம்தான், வெள்ளிக்கிழமை நான் பேசுவேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் மறுமுனையில் காத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம் கேட்பாள் என்று நானும் காத்திருந்தேன்...

"அப்ப சரிதானே?" என்றாள்.

ஓம் என்றேன்.

"டிசம்பருக்கும் வருவீங்கள்தானே? அம்மா இல்லையெண்டு நிண்டிடாதேங்கோ."

அதற்கும் ஓம்.

வெள்ளிக்கிழமை வருகிறேன், இங்கர். முன்வரிசையில் இருப்பேன்.

முகமூடி என் அலுமாரியில்தான் இருக்கிறது. களஞ்சியத் திறப்பு இனி யாரிடம் என்றுதான் தெரியவில்லை...

போய் வாருங்கள்.