பேராசிரியரின் இடது கன்னம்

எங்கள் தெரு சலூன்காரருக்குப் படிப்பின் மேல் அளவு கடந்த மரியாதை. படித்தவர் வாயைத் திறந்தால் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிடுவார். தாடை அசையும்போது மழித்தால் தோல் கிழியும் என்பது தொழில் காரணம். "படிச்சவங்க பேசறப்ப குறுக்கே போகலாமா?" என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது.

அவர் மகள் எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்திருந்தாள். அதற்கு மேல் எங்கள் பள்ளியில் வகுப்பு கிடையாது. வெளியே அனுப்பிப் படிக்கவைக்க அவருக்கு வசதி கிடையாது. வார்டு தேர்தலில் நின்ற டெய்லரம்மா, ஜெயித்தால் ஒன்பதும் பத்தும் கொண்டுவருவதாகச் சொன்னார். சிமெண்ட் கடைக்காரர், தெருமுனையில் அலங்கார வளைவு கட்டுவதாகச் சொன்னார். எதற்கு வளைவு என்று யாரும் கேட்கவில்லை. வளைவுக்குச் சிமெண்ட் வேண்டுமே, அது போதாதா?

தேர்தலன்று விடுமுறை, சலூனில் கூட்டம். சலூன்காரர் மனைவி காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். "சாயங்காலம் அங்க ஈ காக்கா இருக்காது. அப்பப் போய்க்கறேன்" என்றார் இவர். மதியம் கல்லூரிப் பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். பெஞ்சில் ஆறு பேர். மழமழவென்று மழித்துக்கொண்டு போய் டெய்லரம்மாவுக்குக் குத்திவிட்டு வரலாம் என்றிருந்த நல்லவர்கள்.

வலது கன்னம் முடிந்த நேரத்தில் பெஞ்சிலிருந்து ஒருவர், "யாரு சார் ஜெயிப்பாங்க?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"யார் ஜெயிச்சா என்னய்யா? படிக்காத ஜனங்க கையில ஓட்டைக் கொடுத்தா நாடு எப்படி உருப்படும்?" என்று பேராசிரியர் ஆரம்பித்தார். சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். இடது கன்னத்து நுரை காய்ந்தது. மறுபடி போட்டார். அதுவும் காய்ந்தது. எழுந்தால் முறை போய்விடும் என்பதால் பெஞ்சும் நாட்டைக் காக்க உட்கார்ந்தே இருந்தது.

மகள் மூச்சிரைக்க வந்தாள். "அப்பா, பூத் கேட்டை மூடப்போறாங்களாம். அம்மா உடனே வரச் சொன்னாங்க."

"இரும்மா. சார் பேசிட்டிருக்காரில்ல?"

பேராசிரியர் அவளைக் கண்டதும் கனிந்து, பெண் கல்வி என்ற அடுத்த தலைப்புக்குப் போனார். அது முடிவதற்குள் வாக்குச்சாவடி மூடிவிட்டது.

டெய்லரம்மா ஐந்து ஓட்டில் தோற்றார்.

"ஏழு ஓட்டு உங்க கடையில சோப்போட சோப்பா காய்ஞ்சு போச்சு" என்று மனைவி சொன்னபோது, சலூன்காரர் கத்தியைத் தீட்டினார்.

வளைவு எழுந்தது. மகள் கடைக்கு வந்தாள். முதலில் முடி கூட்டினாள். பிறகு நுரை போட்டாள். இரண்டு வருடத்தில் கத்தியும் பழகிவிட்டது. ஒருநாள் பேராசிரியர் அவளிடமே கன்னத்தைக் காட்டினார்.

"பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வளைவு கட்டற ஊரு இது. இந்த ஜனங்களுக்குப் படிப்போட அருமை..."

"வாயை மூடுங்க சார். கத்தி பட்டுடும்."

பேராசிரியர் வாயை மூடினார். இடது கன்னம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

சலூன்காரர் பதறி ஓடிவந்து துண்டை நீட்டினார். "மன்னிச்சுக்கங்க சார். எட்டாவதோட நின்னுபோன பொண்ணு. பெரியவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியலை."