பன்னிரண்டு பேரின் கண்டுபிடிப்பு

எண்பத்திரண்டில் ஒரு சனிக்கிழமை காலை 7.10-க்குக் கோலாலம்பூரில் பஸ் ஏறினேன். புக்கிட் ரோத்தானுக்கு ஏறக்குறைய நாற்பது மைல். டிக்கெட் இரண்டரை வெள்ளி. பேராசிரியர் தணிகாசலத்தைப் பார்க்கப் போனேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, ஐரோப்பாவில் அறிவியல் தத்துவம் போதிப்பவர். அறிவியலுக்கென்று ஒரே வழிமுறை கிடையாது, நிபுணர் சொல்வதை ஊரார் விசாரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு தடவை பல்கலைக்கழகத் தோட்டக்காரரைத் தேர்வுக் குழுவில் உட்கார வைத்து, சக பேராசிரியர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

9.00 மணிக்குப் புக்கிட் ரோத்தான். டாக்சிக்காரர் மூன்று வெள்ளி கேட்டார். "புரோபசர் வீட்டுக்கா? கைலியோட கடையில டீ குடிப்பாருலா. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

பேராசிரியர் விடுமுறைக்குத் தங்கை வள்ளியம்மை வீட்டில் தங்கியிருந்தார். போனபோது வீடே சோர்ந்திருந்தது. எண்ணெய் தரும் செம்பனையின் பெண்பூவுக்குக் கைப்பம்பால் மகரந்த மாவு அடிக்கும் பன்னிரண்டு பெண்களில் வள்ளியம்மையும் ஒருவர். தோட்டத்தில் வண்டு விடப் போகிறார்கள், மகரந்தத்தை அது சுமக்கும், அடுத்த மாதத்தோடு உங்களுக்கு வேலை இல்லை என்று தோட்ட நிர்வாகியான துரை அன்று காலைதான் சொல்லியிருந்தார்.

"பூச்சி செய்யும்னு எங்களுக்கு நாலு வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும் தம்பி," என்றார் வள்ளியம்மை. "ஆத்தோர நெரையில பாம்பு ஜாஸ்தி. மாவு அடிக்காமலே அடிச்சதா மட்டையில குறி போட்டுட்டு வந்துடுவோம். ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா கொல கொலயா காச்சு நிக்குது! பூவைப் பிரிச்சா உள்ள பூரா பொடிப்பூச்சி. வேலை வாங்குற மண்டோர்கிட்ட சொன்னா வேலை போயிடும்லா. அண்ணன்கிட்ட மட்டும் சொன்னோம்."

நான் அசந்துபோனேன். அவர்கள் அதைப் பார்த்தபோது, செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது என்று புத்தகங்கள் அடித்துச் சொன்ன காலம் அது. நிபுணரைப் பாமரர் திருத்திய ஓர் உதாரணம் காட்டு பார்க்கலாம் என்று எதிராளிகள் பேராசிரியரைச் சீண்டிக்கொண்டே இருந்தார்கள். கையில் உதாரணத்தை வைத்துக்கொண்டு நாலு வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார் மனிதர்!

"ஏன் ஐயா?" என்றேன்.

"எழுதினா எனக்குக் கைதட்டல், இவங்களுக்கு வேலை போகும். கண்டுபிடிச்சவங்க சம்மதிக்காம நான் எப்படிலா எழுதறது?" என்றவர் தங்கையைப் பார்த்தார். "இப்பதான் வேலையே போகுதே வள்ளி. எழுதட்டுமா?"

வள்ளியம்மை பம்பைக் கழுவியபடியே யோசித்தார்.

"எழுதுண்ணே. ஆனா பன்னண்டு பேரோட பேரும் வரணும்."

பேராசிரியர் உடனே கிளம்பினார். லயத்தில் வீடு வீடாக ஏறி ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டு, பெயரை எழுதிக்கொண்டார். வெயிலில் நானும் கூடவே அலைந்தேன்.

3.40-க்குப் பஸ். வழியனுப்ப வந்தவர், கட்டுரையின் ஆசிரியர் பட்டியல் என்று அந்தத் தாளைக் காட்டினார். எங்கள் அலுவலகத்தில் யார் உழைத்து அறிக்கை தயாரித்தாலும் மேலதிகாரி பெயர்தான் முதலில் வரும். இதில் பன்னிரண்டு பெயர்கள் மட்டுமே இருந்தன.

"உங்கள் பெயர்?" என்று கேட்டேன்.

"நான் அந்தப் பூவையே பிரிச்சுப் பார்த்ததில்லையே," என்றார்.