இரண்டாவது மணிக்குப் பிறகும் பாட்டு இருந்தது

வரியே இல்லாத பாட்டுக்கு அர்த்தம் உண்டா? போன ஞாயிறுவரை நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆரோக்கியம் ஈப்போவில் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை செய்பவர். எலெக்ட்ரிக் கிட்டார் பைத்தியம். தன் சொந்த ராக் பாட்டை குனோங் ராபாட் மாதா கோயில் மண்டபத்தில் வாசிக்கப் போவதாகச் சொல்லி என்னை இழுத்துப் போனார். வழியெல்லாம் புலம்பல்.

“சனம் பாதியில எழுந்து போச்சுன்னா பேண்ட் இன்னையோட சரிலா அண்ணே. கூட இருக்கிறவனுங்க சினிமாப் பாட்டுக்கே திரும்பிடுவானுங்க.”

மண்டபம் நிறைய அவருடைய பழைய ரப்பர் தோட்டத்து மக்கள். தோட்டத்தை விற்றதும் ஈப்போவுக்குப் பிழைக்க வந்தவர்கள்.

டிரம்ஸ்காரர் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் ஓங்கி ஒரு அடி அடித்தார். விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கூட்டும் மணி அது என்றார் பக்கத்தில் இருந்தவர்! பிறகு பேஸ் கிட்டார்... நாலு தட்டு, மூன்று இழுப்பு. ஏழு ஏழாகச் சுற்றி வந்தது. நாலு தட்டு, மரத்துக்கு மரம் நடை. மூன்று இழுப்பு, கத்தி பட்டையைச் சீவுவது. அதன்மேல் ஆரோக்கியத்தின் கிட்டார் மழையாகக் கொட்டியது. மழை பெய்தால் வேலை இல்லை, கூலி இல்லை. அந்தப் பயமெல்லாம் ஆறு கம்பிகளில்!

மறுபடி தண்டவாளத்தில் ஓர் அடி.

அவ்வளவுதான் — மண்டபமே எழுந்துவிட்டது! பையும் குடையுமாக வாசலுக்குக் கிளம்பிவிட்டார்கள். உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான். ரயில்வே கிளார்க் பிள்ளையான எனக்கு என்ன தெரியும்? தோட்டத்தில் இரண்டாவது மணி அடித்தால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமாம்.

“போச்சுலா மச்சான்!” என்றார் டிரம்ஸ்காரர்.

ஆரோக்கியத்தின் முகம் செத்துப்போனது. ஆனால் கை நிற்கவில்லை. அதே ஏழு, இன்னும் மெதுவாக. வாசல்வரை போய்விட்ட அவருடைய அம்மா லூர்து திரும்பிப் பார்த்தார்.

“இருங்கடி! புள்ள இன்னும் மரம் சீவிக்கிட்டு இருக்கான்!”

எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கடைசிப் பகுதியில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின — குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தோட்டத்தை விட்டுப் போனதுபோல. மிஞ்சியது கிட்டார் மட்டும். அதுவும் ஓய்ந்தது. கைதட்டலே இல்லை... குடையை இடுக்கிக்கொண்டு அழுதார்கள். நானும்தான்.

“அடுத்து எங்கே?” என்று ஆரோக்கியத்தைக் கேட்டேன். முந்திக்கொண்டவர் டிரம்ஸ்காரர்.

“பாகான் செராய் அண்ணே. அங்கயும் தோட்டத்துச் சனம்தான், நாற்காலியே போட வேணாம்னு சொல்லிடுறோம்லா!”