ஒரு லிட்டர் பொட்டலம், கால் லிட்டர் தண்ணீர்

கான்ட்ராக்டரே, இந்தப் பெண்களைத் தாகத்தோடு வேலை வாங்குவது நீங்கள்தான்.

கோவில்பதாகை அருகே மழைநீர்க் கால்வாய் தோண்டுகிறார்கள். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் என் பஸ் நின்றுவிட்டது. மதியம் ஒரு மணி வெயில். இறங்கி, வேலையாட்கள் கட்டியிருக்கும் தார்ப்பாய் நிழலில் ஒதுங்குகிறேன். அங்கே டிரம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. நீங்கள் கொடுத்த ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசல் பொட்டலங்களும் இருக்கின்றன. சித்தாள் அமுதா கால் லிட்டர் பாட்டிலில் ஒரு பொட்டலத்தை முழுசாகக் கொட்டிக் குலுக்குகிறார்.

"ஏம்மா, ஒரு லிட்டர்ல கலக்கணும்னு இதுலயே போட்டிருக்கே?"

"தெரியும்க்கா. அவ்ளோ தண்ணி குச்சா எங்க போறது? இந்த நடுரோட்டுல நீ பொடவைய விரிச்சுகினு மறைப்பியா?"

மற்ற பெண்கள் சிரிக்கிறார்கள். அமுதா சிரிக்கவில்லை.

"ரெண்டு நாளா தல சுத்துது. ஒண்ணுக்குப் போனா எரியுது."

"அதுவும் எப்ப போவ?"

"சாயங்காலம் ஊட்டுக்குப் போயிதான்."

இவ்வளவு கெட்டியாகக் குடித்தால் உப்பு ஏறி உடம்பு இன்னும் காயும் என்று சொல்கிறேன். என் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறேன். ஒரே ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்.

சாலையோரம் உங்கள் சூப்பர்வைசரின் தகர அறை இருக்கிறது. அதன் பின்னால் ஒரு கழிப்பறை. கதவில் பூட்டு தொங்குகிறது. "ஸ்டாஃபுக்கு மட்டுமாம்" என்கிறார் அமுதா.

அப்படியென்றால் இவர்கள் யார்? நாளைக் காலை வேலைக்கு வந்த ஆட்களின் பேர் எழுதும் நேரத்தில் வந்து, இத்தனை பெண்களுக்கும் எதிரில் நின்று பதில் சொல்லுங்கள்.